பெரியவன், சின்னவள்: 29 வாரத்தில் பிறந்த இரட்டையரின் 61 நாட்கள்

தாய்க்கு வயது 27. திருமணமாகி ஆறு ஆண்டுகள் கழிந்து, கருமுட்டை வளர மாத்திரை எடுத்துக்கொண்ட பிறகு தங்கிய முதல் கர்ப்பம். கணவர் விசைத்தறிக் கூடத்தில் கூலிக்குத் தறி ஓட்டுபவர். மேற்கு மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் இருக்கும் அவர்கள் வீடு, எங்கள் மருத்துவமனையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். வயிற்றில் இருப்பது இரட்டை என்பதும், இரண்டுக்கும் தனித்தனி நஞ்சுக்கொடி என்பதும் பன்னிரண்டாம் வாரத்து ஸ்கேனிலேயே தெரிந்துவிட்டன. ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டையரில் ஒருவரின் ரத்தம் மற்றவருக்குப் பாய்ந்துவிடும் ஆபத்து உண்டு. இங்கே அந்தக் கவலை இல்லை. கர்ப்பகாலப் பரிசோதனைகள் எதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

29 வாரம் நிறைந்த மறுநாள் மாலையில் இடுப்பு வலி எடுத்தது. வட்டார அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே பணியிலிருந்த செவிலியர், கருப்பை வாய் திறக்கத் தொடங்கியிருப்பதைக் கண்டு, 108 ஆம்புலன்ஸ் வருவதற்குள் 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியைப் போட்டு, போட்ட நேரத்தையும் மாற்றுச் சீட்டில் எழுதி அனுப்பியிருந்தார். தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி கருவிலிருக்கும் குழந்தையின் நுரையீரலை முதிர வைக்கும் என்பதை நியூசிலாந்தின் லிகின்ஸும் ஹோவியும் 1972-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 12 மணி நேர இடைவெளியில் நான்கு ஊசி என்பது முறை. இந்தத் தாய்க்கு மூன்று ஊசி போட்ட பிறகு பிரசவத்தைத் தள்ளிப்போட முடியவில்லை. முதல் ஊசி வட்டார மருத்துவமனையில் தவறியிருந்தால் அந்த மூன்று இரண்டாகியிருக்கும். இந்தக் குழந்தைகள் பிழைத்ததில் எங்கள் சிசு தீவிர சிகிச்சைப் பிரிவைக் காட்டிலும், நான் இன்றுவரை பார்த்திராத அந்தச் செவிலியருக்கே பங்கு அதிகம் என்று நினைக்கிறேன்.

முதல் குழந்தை குறுக்கே கிடந்ததால் அறுவை மூலம் பிரசவம் நடந்தது. கர்ப்பக் காலம் 29 வாரம் 2 நாள். முதலில் ஆண், 1,210 கிராம். இரண்டு நிமிடம் கழித்துப் பெண், 940 கிராம். இருவரும் பிறந்த கையோடு, ஈரம் துடைக்கப்படாமலே கழுத்துவரை பாலித்தீன் உறைக்குள் வைக்கப்பட்டு, உடல் சூட்டைக் காக்கும் வார்மருக்கு மாற்றப்பட்டார்கள்.

நான் இந்தச் சிசு தீவிர சிகிச்சைப் பிரிவில் 14 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ நோக்கில் இது அபூர்வமான நேர்வு அல்ல. பெற்றோரிடம் பேசுவதில் நாங்கள் செய்த ஒரு தவறை இரண்டு முறை, எதிரெதிர்த் திசையில் செய்தோம் என்பதற்காகவே இதைப் பதிவு செய்கிறேன். காலில் கட்டிய பட்டையில் தாயின் பெயரோடு 'ட்வின் ஒன்று', 'ட்வின் இரண்டு' என்று இருந்தாலும், வார்டில் எல்லோரும் பெரியவன், சின்னவள் என்றே அழைத்தோம். இக்கட்டுரையிலும் அப்படியே குறிப்பிடுகிறேன். அந்தச் செல்லப் பெயர்களே எங்கள் கண்ணை மறைத்தன என்பது பின்னால் விளங்கும்.

முதல் 16 நாட்கள்

பெரியவனுக்கு மூக்கு வழியாகத் தொடர்ந்து காற்றழுத்தம் தரும் சி-பாப் கருவி ஒன்றரை நாள்தான் தேவைப்பட்டது. சின்னவளுக்கு மூன்றாம் மணி நேரத்திலேயே நெஞ்சு உள்வாங்கத் தொடங்கியது. மூச்சுக்குழாயில் மெல்லிய குழாயை இறக்கி சர்ஃபாக்டன்ட் மருந்தைச் செலுத்த வேண்டியிருந்தது. நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழவழப்பான அந்தப் பொருள், குறைமாதக் குழந்தையின் நுரையீரலில் போதிய அளவு சுரந்திருப்பதில்லை. 1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் 34 வாரத்தில், இரண்டு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடையோடு பிறந்து, இதே குறைபாட்டால் இரண்டே நாளில் இறந்துபோனான். இன்று 940 கிராம் குழந்தைக்கு அதே மருந்தை அரசு மருத்துவமனையில் காசில்லாமல் போடுகிறோம் என்று எங்கள் தலைமை மருத்துவர் பயிற்சி மருத்துவர்களிடம் சொல்வதுண்டு. சின்னவளுக்கு சி-பாப் ஒன்பது நாட்கள் நீடித்தது.

குழந்தைகளை முதலில் பார்த்தவர் தந்தை. முதல் இரண்டு நாட்கள் அவர் குழந்தையைப் பார்த்ததைவிட மானிட்டரைப் பார்த்ததே அதிகம். சின்னவளின் ஆக்சிஜன் செறிவு 91, 92 என்று காட்டும்போது முகம் வாடுவார். 97 என்று ஏறினால் கும்பிடுவார். அப்படி ஏறியவுடன் நாங்கள் கருவியின் ஆக்சிஜன் அளவைக் குறைத்ததை அவர் பார்த்துவிட்டார். "நல்லா ஏறிட்டு வந்ததை ஏங்க சிஸ்டர் குறைக்கறீங்க?" என்று கேட்டவரின் குரலில் கோபத்தைவிட இறைஞ்சல்தான் இருந்தது. வெளியிலிருந்து ஆக்சிஜன் பெறும் குறைமாதக் குழந்தைக்கு 90-இலிருந்து 95 வரைதான் இருக்க வேண்டும், அதற்கு மேல் போனால் கண்ணின் விழித்திரையில் இன்னும் வளர்ந்து முடியாத ரத்தக் குழாய்கள் கெடும் என்பதை அன்று விளக்கினேன். முதல் நாளே விளக்கியிருக்க வேண்டும். நூற்றுக்கு நூறு நல்லது என்று பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்த மனிதரிடம், நூறு ஆபத்து என்று நாமாகச் சொன்னால்தானே தெரியும்?

தாய் இரண்டாம் நாள் மாலை சக்கர நாற்காலியில் வந்தார். அதற்கு முன்பே, பிரசவத்துக்குப் பிந்தைய வார்டில், எங்கள் பிரிவிலிருந்து போன செவிலியர் ஒருவரின் உதவியோடு சீம்பாலைக் கையால் பீய்ச்சியிருந்தார். கிடைத்தது ஒன்றரை மில்லிலிட்டர். ஊசி போடும் சிறிய சிரிஞ்சில் அடங்கிவிட்டது. அதை இருவரின் கன்னத்து உட்புறத்திலும் சொட்டுச் சொட்டாகத் தடவினோம். தையல் வலியோடு உட்கார்ந்திருந்த அந்தத் தாய்க்கு, தன்னால் ஆன வேலை ஒன்று இந்த அறையில் இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

பாட்டி, அதாவது தாயின் அம்மா, ஏழு மாதக் குழந்தை பிழைக்கும், எட்டு மாதத்தில் பிறந்தால்தான் தங்காது என்ற நம்பிக்கையோடு வந்திருந்தார். வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு நல்லதே என்பதால் அந்த நம்பிக்கைக்கு எந்த அடிப்படையும் இல்லை. ஆனாலும் அந்தக் குடும்பத்தில் அந்த வாரம் நிமிர்ந்து நின்றவர் அவர் ஒருவர்தான் என்பதால் நான் அதைத் திருத்தப் போகவில்லை. கழுதைப் பால் ஒரு சங்கு கொடுக்கலாமா என்று அவர் கேட்டபோது மட்டும் கண்டிப்பாகக் கூடாது என்றேன்.

சின்னவளின் எடை ஆறாம் நாளில் 850 கிராமுக்கு இறங்கியது. நான்காம் நாள் தலை ஸ்கேனில் மூளையின் திரவ அறையை ஒட்டி முதல் நிலை ரத்தக் கசிவு தெரிந்தது. நான்கு நிலைகளில் இதுவே மிகக் குறைந்தது. பெரும்பாலும் பின்விளைவு இன்றிக் கரைந்துவிடும். ஆனால் 'மூளையில் ரத்தம்' என்ற சொற்களுக்குப் பிறகு பெற்றோரின் காதில் வேறெதுவும் விழவில்லை. மூச்சைத் தூண்டும் கஃபீன் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தும் ஒரு நாளில் ஏழெட்டு முறை மூச்சை நிறுத்தினாள். முதுகையோ பாதத்தையோ மெல்லத் தடவினால் திரும்ப மூச்சு விடுவாள். ஒவ்வொரு அலாரத்துக்கும் தாயின் உடல் தூக்கிப்போட்டது.

இந்தப் பதினாறு நாட்களும் பெரியவனைப் பற்றி எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொன்னோம்: பரவாயில்லை. அவனுக்கு எட்டாம் நாளே கங்காரு பராமரிப்பு தொடங்கிவிட்டது. 1970-களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர்கள் போதாத மருத்துவமனை ஒன்றில், எட்கார் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் தொடங்கிய முறை இது. தாயின் வெறும் மார்பில் குழந்தையைத் தவளை போலக் கவிழ்த்து வைத்துத் துணியால் கட்டிவிடுவதுதான் சிகிச்சை. ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில், 1,000 முதல் 1,800 கிராம் வரையிலான குழந்தைகளுக்கு, நிலை சீராகும் வரை காத்திராமல் உடனே இதைத் தொடங்கியபோது இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ஆய்வு நடந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நாங்கள் எட்டு நாள் தாமதித்ததற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. தாய் உட்கார நாற்காலி போட இடமில்லை என்பதுதான் காரணம். சி-பாப் குழாயோடேயே சின்னவளை ஒன்பதாம் நாள் தாயின் நெஞ்சில் கிடத்தினோம்.

வெளியே சொல்லாவிட்டாலும், அந்தப் பெற்றோர் ஒன்றை இழக்கவும் ஒன்றோடு வீடு திரும்பவும் மனத்தளவில் தயாராகிவிட்டிருந்தார்கள். இழக்கப்போவது யார் என்பதிலும் அவர்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அந்தக் கணக்கை அவர்களுக்குப் போட்டுக் கொடுத்தவர்கள் நாங்கள்.

பதினேழாம் நாள்

அன்று மாலை ஐந்து மணிக்குத் தந்தை ஊரிலிருந்து வந்தார். முந்தைய வாரம் முதல் மீண்டும் தறிக்குப் போகத் தொடங்கியிருந்தார். சிகிச்சைக்குச் செலவில்லை என்றாலும் தறி ஓடாத நாளுக்குக் கூலி இல்லை. முதலாளியிடம் வாங்கிய முன்பணமும் நிலுவையில் இருந்தது. வாசலில் நின்றபடி, "ரெண்டு பேரும் எப்படி இருக்காங்கங்க சிஸ்டர்?" என்று கேட்டார். கையில் இன்னொரு குழந்தைக்கான டிரிப் பாட்டிலோடு போய்க்கொண்டிருந்த நான், "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். சின்னவள் அன்று மூன்று முறைதான் மூச்சை நிறுத்தியிருந்தாள். என் மனத்தில் இருந்தது அது மட்டும்தான்.

ஆறு மணிப் பாலுக்கு முன், பெரியவனின் வயிற்றில் செருகியிருந்த குழாயை இழுத்துப் பார்த்தபோது ஆறு மில்லிலிட்டர் பச்சை நிறத்தில் வந்தது. அதுவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை 15 மில்லிலிட்டர் தாய்ப்பாலைத் தொந்தரவின்றி ஏற்றுக்கொண்டிருந்தவன். வயிற்றைத் தொட்டேன், முழங்காலைத் தொடுவதுபோல் இறுகியிருந்தது. தோல் பளபளத்து, நரம்புகள் நீலமாகத் தெரிந்தன. எக்ஸ்ரேயில் குடல் சுவருக்குள்ளேயே காற்றுக் குமிழிகள் வரிசையாக இருந்தன. நெக் என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்லும் குடல் அழற்சி, இரண்டாம் நிலை. பால் உடனே நிறுத்தப்பட்டது. வயிற்றுக் குழாய் திறந்துவிடப்பட்டது. இரண்டு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் தொடங்கப்பட்டன. நள்ளிரவில் மூச்சு நின்று நின்று வந்ததால் வென்டிலேட்டருக்கு மாற்றினோம். குடலில் ஓட்டை விழுகிறதா என்று ஆறு மணி நேரத்துக்கு ஒரு எக்ஸ்ரே. அறுவை மருத்துவர் ஒவ்வொரு முறையும் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

வாசலில் நான் சொன்ன சொல்லுக்கும் தலைமை மருத்துவர் பெற்றோரை அழைத்து உட்காரவைத்த நேரத்துக்கும் இடையே ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. அவர் பேசத் தொடங்கியபோது தந்தை முதலில் கேட்டது, "சின்னவளுக்குங்களா?" என்பதுதான். இல்லை, பெரியவனுக்கு என்றதும் அவர் அதை ஏற்கவில்லை. பட்டையைச் சரிபாருங்கள், மாற்றிச் சொல்கிறீர்கள் என்றார். தாய் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, "என் பாலாலதானுங்களா இப்படி ஆச்சு?" என்றார். இல்லை. தாய்ப்பால் இந்நோயின் வாய்ப்பைக் குறைக்குமே தவிர ஏற்படுத்தாது. முதிராத குடலும் அதில் குடியேறும் கிருமிகளும் சேர்ந்து செய்யும் வேலை இது. தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைக்கும் சில நேரம் வந்துவிடும். மருத்துவர் இதைத் தெளிவாகவே சொன்னார். ஆனால் பால் கொடுத்தோம், குழந்தை விழுந்துவிட்டது, பாலை நிறுத்திவிட்டார்கள் என்ற வரிசையைக் கண்ணால் பார்த்த ஒரு தாயை அந்த விளக்கம் எந்த அளவு எட்டியிருக்கும்?

அன்று நான் பொய் சொல்லவில்லை என்று என் சக செவிலியர்கள் ஆறுதல் கூறினார்கள். ஐந்து மணிக்கு அவன் நன்றாகத்தான் இருந்தான் என்பது உண்மையே. ஆனால் ஐந்து மணிக்கு நான் அவனைப் பார்க்கவில்லை. சின்னவளைப் பார்த்துவிட்டு இருவருக்கும் சேர்த்து விடை சொன்னேன். நான்கு மணிப் பாலுக்கு முன்பும் குழாயில் இரண்டு மில்லிலிட்டர் மிச்சம் இருந்ததாகக் குறிப்பேட்டில் பதிவாகியிருந்தது. அது மட்டுமே எச்சரிக்கை ஆகாது. என்றாலும், அதே இரண்டு மில்லிலிட்டர் சின்னவளின் வயிற்றிலிருந்து வந்திருந்தால் நாங்கள் மருத்துவரை அழைத்திருப்போம். சிறிய குழந்தைதான் ஆபத்தில் இருக்கிறது என்ற எண்ணம், பெரிய குழந்தையின் குறிப்பேட்டை எங்களைப் படிக்கவிடாமல் செய்துவிட்டது. 1,210 கிராம் என்பதும் மிகக் குறைந்த எடைதான். 940-க்குப் பக்கத்தில் படுத்திருந்ததால் மட்டுமே அவன் பெரியவன்.

நெரிசலைக் காரணமாகச் சொல்லலாம். 2020-இல் உலகெங்கும் குறைமாதத்தில் பிறந்த 1.34 கோடி குழந்தைகளில் ஏறத்தாழ 30 லட்சம் இந்தியாவில் பிறந்தவர்கள். அந்தப் பாரம் எங்கள் பிரிவு போன்ற அறைகளில்தான் வந்து இறங்குகிறது. வாசலில் நின்று பேச நேரமிருப்பதில்லை. ஆனால் 'ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க' என்று சொல்ல ஆன அதே நேரத்தில், 'ரெண்டு பேரையும் பார்த்துட்டு வந்து சொல்றேன்' என்றும் சொல்லியிருக்கலாம்.

அதே தவறு, மறுபக்கம்

அடுத்த நான்கு நாட்கள் பெரியவனின் படுக்கையைச் சுற்றியே கழிந்தன. வென்டிலேட்டர், ரத்தம் ஏற்றுதல், ஆறு மணி நேரத்துக்கு ஒரு எக்ஸ்ரே. தாய் அவன் பக்கத்திலேயே நின்றார். சின்னவளை நெஞ்சில் வைத்துக்கொள்ள அழைத்தபோது மறுத்தார். "அவன் அங்க அப்படிக் கிடக்கறப்ப, நான் இவளைப் போட்டுட்டு சுகமா உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார். அந்தக் கேள்விக்கு எங்களில் ஒருவரும் விடை சொல்லவில்லை. அது துக்கம், தானாகத் தணியும் என்று விட்டுவிட்டோம்.

பால் குறைந்தது. பதினேழாம் நாள்வரை ஒரு நாளைக்கு 400 மில்லிலிட்டர் அளவுக்குப் பீய்ச்சியவர், இருபத்தோராம் நாள் பீய்ச்சியது 110. எட்டு முறை என்பது நான்காகி, இரவு முறை அறவே நின்றுபோயிருந்தது. பெரியவன்தான் அதிகம் குடித்தவன். அவனுக்கு வாய்வழி ஒன்றும் இல்லை என்றான பிறகு, யாருக்காகப் பீய்ச்சுவது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இப்போது எடுக்கும் பாலை உறைய வைத்துவிட்டு, குடல் ஆறியதும் அவனுக்கே கொடுப்போம், அப்போது அவனுக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. நிறுத்துங்கள் என்ற சொல் குழந்தைக்கானது, தாய்க்கானது அல்ல என்பதை நாங்கள் தெளிவுபடுத்தவே இல்லை.

இருபத்திரண்டாம் நாள் காலையில், எடைப் பட்டியலைச் சரிபார்த்த இளம் செவிலியர் ஒருவர், சின்னவள் ஐந்து நாட்களில் மொத்தமே 18 கிராம்தான் ஏறியிருக்கிறாள் என்று சுட்டிக்காட்டினார். ஒரு நாளைக்கே 15 கிராம் ஏற வேண்டியவள் அவள். அவளுக்குத் தரும் பாலின் அளவு எடைக்கு ஏற்றபடி கூட்டப்படவில்லை. நெஞ்சுச் சூடு கிடைக்கவில்லை. கேட்பதற்கு ஆளும் இல்லை. அந்த ஐந்து நாட்களும் அவளைப் பற்றி நாங்கள் என்ன சொன்னோம் என்று பிறகு எண்ணிப் பார்த்தேன். பரவாயில்லை என்றுதான் சொல்லியிருந்தோம்.

அவளுக்கு ஆபத்து ஒன்றும் நேரவில்லை. தாய்ப்பால் வங்கியிலிருந்து இரண்டு நாட்களுக்குப் பால் பெற்று அளவைச் சரிசெய்தோம். மும்பை சயான் மருத்துவமனையில் 1989-இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கிய அர்மிடா ஃபெர்னாண்டஸ் போன்றோர் இட்ட வழியில், இன்று எங்களைப் போன்ற மருத்துவமனைகளிலும் அந்த வசதி இருக்கிறது. ஆனாலும் தவறு தவறுதான்.

இரண்டு நோட்டுகள்

அன்று மதியம் தலைமை மருத்துவர், நான், பெற்றோர், பாட்டி ஐவரும் பால் பீய்ச்சும் அறையில் உட்கார்ந்தோம். வேறு அறை காலியாக இல்லை. வாசலில் நான் சொன்னது பிழை என்று ஒப்புக்கொண்டேன். தந்தை அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் அவர் கேட்டது என் மனத்தில் தங்கிவிட்டது. "ஒரு நாளைக்கு ஒருத்தனுக்கு அழுகறதா, ஒருத்திக்குச் சிரிக்கறதான்னு தெரியலைங்க. ரெண்டையும் ஒண்ணாச் சொன்னா எதைச் செய்யறது?"

இனிமேல் இருவரைப் பற்றியும் ஒரே மூச்சில் பேசுவதில்லை என்று முடிவு செய்தோம். பெரியவனைப் பற்றி அவன் படுக்கையருகே, சின்னவளைப் பற்றி அவள் படுக்கையருகே, இடையில் நடக்கும் பத்தடி தூரம் மௌனம். யாரை முதலில் கேட்பது என்பதைத் தாய் முடிவு செய்வார். 'அவனைவிட', 'அவளைவிட' என்ற ஒப்பீடு கூடாது. தந்தை மருத்துவமனை வாசல் கடையில் 40 பக்க நோட்டு இரண்டு வாங்கி வந்தார். வீட்டுக்குப் போகும் முன் பெயர் வைக்கக்கூடாது என்று பாட்டி உறுதியாக இருந்ததால், அட்டையில் ஒன்றில் 'பெ', மற்றதில் 'சி' என்று மட்டும் எழுதினார். எடை, பாலின் அளவு, மூச்சு ஆகியவற்றை நாங்கள் சொல்லச் சொல்ல அவர்கள் குறித்துக்கொள்வார்கள். கடைசி வரியில் அன்று அவர்களே கண்ட ஒன்றை எழுத வேண்டும்.

அந்தக் கடைசி வரியை நான் ஒரு சடங்காகத்தான் சேர்த்தேன். ஆனால் அதற்குப் பிறகு தந்தை மானிட்டரைப் பார்ப்பது குறைந்தது. சின்னவளின் நோட்டில் இருபத்துமூன்றாம் நாளின் கடைசி வரி: 'கொட்டாவி விட்டாள். இரண்டு தடவை.' பெரியவனின் நோட்டில் அதே நாள்: 'வயிறு நேற்றைவிட மெத்தென்று இருக்கிறது. காலை உதறினான்.' வயிற்றைத் தொட்டுப் பார்க்க அவருக்கு நாங்கள்தான் கற்றுக்கொடுத்தோம். தறியில் நூலின் இறுக்கத்தை விரலால் அறியும் கை அது, எங்களைவிட நுட்பமாகவே சொன்னது.

சின்னவளின் கங்காரு பராமரிப்பைத் தந்தையிடம் ஒப்படைத்தோம். பெண்கள் நிறைந்த அறையில் சட்டையைக் கழற்ற அவருக்குக் கூச்சம். மூலையில் திரை கட்டிக் கொடுத்தோம். முதல் நாள் முக்கால் மணி நேரம், அந்த வாரக் கடைசியில் நான்கு மணி நேரம். அவர் வராத நாட்களில் பாட்டி. அவர்கள் இருவரும் அவளை வைத்திருப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் தாய் இருபத்தாறாம் நாள், "குடுங்க, நான் வெச்சுக்கறேன்" என்று கையை நீட்டினார். இரவு இரண்டு மணிக்குப் பால் பீய்ச்சுவதும் திரும்பத் தொடங்கியது. உறைய வைத்த ஒவ்வொரு பாட்டிலிலும் 'பெ' என்று எழுதி ஒட்டினார்.

இருபத்தேழாம் நாள் பெரியவனுக்கு ஒரு மில்லிலிட்டரில் பால் மீண்டும் தொடங்கியது. அறுவை தேவைப்படவில்லை. அந்த ஒரு மில்லிலிட்டரை ஊற்றும்போது தாய் அறையை விட்டு வெளியே போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்து, வயிறு உப்பவில்லை என்று சொன்ன பிறகுதான் உள்ளே வந்தார். முழு அளவுக்கு அவன் திரும்பப் பதினான்கு நாட்கள் ஆயின. நடுவில் இருமுறை நிறுத்தித் தொடங்க வேண்டியிருந்தது. கண் பரிசோதனையில் சின்னவளுக்கு விழித்திரை ரத்தக் குழாய்களில் இரண்டாம் நிலை மாற்றம் இருந்தது. வாரந்தோறும் பார்த்து வந்தோம். லேசர் இல்லாமலே சரியானது. பெரியவனின் கண்ணில் குறையில்லை.

ஒருத்தி முந்தியபோது

நாற்பத்தேழாம் நாள், அதாவது 36 வாரம் நிறைந்த அன்று, சின்னவள் 1,680 கிராம். குழாய் எடுத்தாயிற்று, பாலாடையிலும் மார்பிலும் மாறி மாறிக் குடித்தாள், கடைசியாக மூச்சை நிறுத்தி எட்டு நாட்களாகியிருந்தன. வீட்டுக்கு அனுப்பத் தகுதியான குழந்தை. பெரியவனோ பாலாடையில் நான்கு வாய் குடிப்பதற்குள் தூங்கிவிடுவான். மிச்சத்தைக் குழாயில்தான் ஊற்ற வேண்டும்.

61 நாட்களில் பெற்றோர் மிகவும் உடைந்துபோனது நெக் வந்த இரவில் அல்ல, இந்த நல்ல செய்தியின்போதுதான். பெண்ணோடு ஊருக்குப் போனால் பையனுக்குப் பால் இல்லை. இங்கேயே இருந்தால் பெண்ணை யாரிடம் விடுவது? இரண்டையும் ஒரே நாளில், ஒரே வாசலில் ஆரத்தி சுற்றி உள்ளே அழைக்க வேண்டும் என்றார் பாட்டி. மருத்துவக் குழுவில் கருத்து பிளவுபட்டது. இறுதியில் தாயையும் சின்னவளையும் கீழ்த்தளத்துக் கங்காரு வார்டுக்கு மாற்றினோம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தாய் மேலே வந்து பெரியவனுக்குப் பாலாடை பிடிப்பார், அந்நேரம் பாட்டி சின்னவளை மார்போடு கட்டிக்கொள்வார். வீட்டுக்குப் போகக்கூடிய குழந்தைக்காகப் பதினான்கு நாட்கள் ஒரு படுக்கையைப் பிடித்து வைத்தது நியாயமா என்று சக மருத்துவர் ஒருவர் இன்றும் கேட்கிறார். அந்தப் படுக்கைக்காக வேறொரு தாய் வராந்தாவில் பாய் போட்டுப் படுத்திருந்தார் என்பது உண்மை. எனக்கு அதில் நிம்மதியான விடை இல்லை. ஆனால் அறுபது கிலோமீட்டர் தூரத்திலிருந்து பால் வந்திராது என்பது மட்டும் உறுதி.

அறுபத்தொன்றாம் நாள், 38 வாரம் நிறைந்த அன்று, பெரியவன் 1,860 கிராமோடும் சின்னவள் 2,010 கிராமோடும் வீட்டுக்குப் போனார்கள். சின்னவள் அவனை முந்தியிருந்தாள். அன்றும் யாரும் அந்தப் பெயர்களை மாற்றிக்கொள்ளவில்லை.

தொடர் கண்காணிப்பு

பிறந்து பத்து மாதமானபோது கடைசியாகப் பார்த்தேன். தடுப்பூசியைப் பிறந்த நாளிலிருந்து கணக்கிட்டாலும், வளர்ச்சியை முழு மாதம் நிறைந்திருக்க வேண்டிய நாளிலிருந்துதான் கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கில் அவர்களுக்கு ஏழரை மாதம். இருவருக்கும் காது கேட்கும் பரிசோதனை இயல்பாக இருக்கிறது. சின்னவள் பிடிமானமில்லாமல் உட்காருகிறாள். பெரியவன் கையை முன்னால் ஊன்றிக்கொண்டுதான் உட்காருகிறான். இரண்டு கணுக்காலிலும் லேசான இறுக்கம் இருப்பதால் இயன்முறைப் பயிற்சி நடக்கிறது. அது தளர்ந்துவிடுமா, நிலைத்துவிடுமா என்பது ஒரு வயதைத் தாண்டும்போது ஓரளவு தெரியும்.

வெளிநோயாளிகள் பிரிவில் கூட்டம் அதிகம். இருவரையும் இரு பக்க இடுப்பிலும் வைத்துக்கொண்டு தாய் வந்து நின்றார். பழக்க தோஷம், "ரெண்டு பேரும் எப்படி இருக்காங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. சின்னவளைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டுப் பையைத் திறந்து, மூலைகள் மடங்கிப்போன நோட்டு இரண்டையும் மேசைமேல் வைத்தார்.

"யாரை முதல்ல சொல்லட்டுங்க சிஸ்டர்?" என்றார். பிறகு அவரே 'பெ' என்று எழுதியிருந்ததைப் பிரித்து, கணுக்கால் பயிற்சி தவறிய நாட்களை விரல் வைத்துக் காட்டத் தொடங்கினார்.